நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னால் எதை நம்புவது?

கேள்வி: எங்கள் சபையில் உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து காலத்தில் வாரம் ஒரு மாலை கூடி வேதபாடம் படிப்போம். இந்த ஆண்டு நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சிலுவைப்பாடும் உயிர்த்தெழுதலும் என்று தலைப்பு கொடுத்துவிட்டு நான்கு சுவிசேஷங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். கல்லறைக்குப் போன பெண்கள் யார் யார் என்பதிலேயே நால்வரும் ஒத்துப்போகவில்லை. அங்கே இருந்த தூதர் ஒருவரா, இருவரா என்பதிலும் அப்படியே. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன், "அப்படியானால் எது உண்மை டீச்சர்?" என்று கேட்டுவிட்டான். நான் இறையியல் படித்தவள் அல்ல, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. இதையெல்லாம் வகுப்பில் பேசலாமா, பேசாமல் கடந்துவிடலாமா? எங்கிருந்து தொடங்குவது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாகர்கோவில்)

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகப் பேசுங்கள். நீங்கள் மறைத்தாலும் அந்தத் தம்பியின் கையில் கைபேசி இருக்கிறது. இன்று இரவே அவன் தேடிப் படித்துவிடுவான். உங்களோடு உட்கார்ந்து, வேதபுத்தகத்தைத் திறந்துவைத்து அவன் இதைப் படிப்பது எவ்வளவோ மேல். உங்களுக்கு இந்தக் கேள்வி எழுந்ததே நீங்கள் வசனத்தைக் கவனமாக வாசிக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம். ஆண்டுதோறும் பெரிய வெள்ளி ஆராதனையில் உட்கார்ந்திருந்தும் இதைக் கவனிக்காதவர்களே நம்மில் அதிகம்.

அதற்குக் காரணமும் உண்டு. நம் மனத்தில் இருப்பது நான்கு சுவிசேஷங்களும் கலந்த ஐந்தாவது கதை ஒன்று. சிலுவையின் ஏழு வார்த்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேர ஆராதனையில் ஏழையும் வரிசையாகத் தியானிக்கிறோம். ஆனால் எந்த ஒரு சுவிசேஷத்திலும் ஏழும் இல்லை. மாற்கிலும் மத்தேயுவிலும் இருப்பது ஒரே வார்த்தை, அதுவும் இரண்டிலும் ஒன்றே. லூக்காவில் வேறு மூன்று, யோவானில் வேறு மூன்று. தியானத்துக்கு அந்த வரிசை நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. படிப்புக்கு உட்காரும்போது மட்டும் அந்த வரிசையை ஒதுக்கி வையுங்கள்.

நால்வரையும் ஒன்றாக்கிவிடும் ஆசை பழையது. ஏறக்குறைய கி.பி. 170-இல் தத்தியான் என்பவர் நான்கு சுவிசேஷங்களையும் பின்னி ஒரே தொடர்கதையாக எழுதினார். சிரியா நாட்டுச் சபைகளில் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் ஆராதனையில் வாசித்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் தியோதொரேத்து என்ற ஆயர் தம் பகுதியில் இருந்த 200-க்கும் மேற்பட்ட பிரதிகளைத் திரட்டி அகற்றிவிட்டு, அவற்றின் இடத்தில் நான்கு சுவிசேஷங்களையும் வைத்தார். வேறுபாடுகள் அன்றைய சபைக்கும் தெரிந்தேதான் இருந்தன. தெரிந்தும் நான்கையும் தனித்தனியாகவே வைத்துக்கொண்டது. நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவதும் அதுதான். ஒவ்வொருவரையும் தனியாக, முழுவதுமாக, கடைசி வரை கேளுங்கள். ஒப்பிடுவது அதன் பிறகு வரட்டும்.

மாற்குவிலிருந்து தொடங்குங்கள். நான்கில் அதுவே முந்தியது, கி.பி. 70-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். 14, 15, 16 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே மாலையில் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். கேட்கும்போது வேறு சுவிசேஷங்களில் படித்தது எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

அப்படிக் கேட்டால் மாற்கின் சிலுவை எவ்வளவு தனிமையானது என்று தெரியும். சீடர்கள் ஓடிவிட்டார்கள். பேதுரு மறுதலித்துவிட்டான். கூடச் சிலுவையில் அறையப்பட்ட இருவருமே அவரை நிந்திக்கிறார்கள், மனந்திரும்பிய கள்ளன் இங்கே இல்லை. பெண்கள் தூரத்திலிருந்து பார்க்கிறார்கள். "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற ஒரே கூப்பிடுதல், பிறகு மகா சத்தமிட்டு உயிரை விடுகிறார். அது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. வஸ்திரத்துக்குச் சீட்டுப் போடுவதும் தலையை அசைத்துப் பரியாசம் செய்வதும் அதே சங்கீதத்தில் இருக்கின்றன. அந்தச் சங்கீதம் துதியில் முடிகிறது, ஆகவே இயேசு நம்பிக்கையைத்தான் சொன்னார் என்று சிலர் உடனே ஆறுதல் சொல்லிவிடுவார்கள். அவ்வளவு அவசரம் வேண்டாம் என்பேன். மாற்கு அந்த வரியோடு நிறுத்துகிறார். உங்கள் வகுப்பும் கொஞ்ச நேரம் அங்கே நிற்கட்டும். கைவிடப்பட்டவர்களாகத் தங்களை உணர்கிற யாராவது ஒருவர் அந்த அறையில் இருப்பார். அவருக்கு வேறெந்த வரியையும்விட இது நெருக்கமாக இருக்கும்.

அடுத்து லூக்கா. பிடிக்க வந்தவனின் வெட்டுண்ட காதைத் தொட்டுச் சுகமாக்குவதை லூக்கா மட்டுமே சொல்கிறார். "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்ற ஜெபம், பரதீசு வாக்குத்தத்தம் பெறும் கள்ளன், "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்ற அமைதியான முடிவு, எல்லாம் லூக்காவில் மட்டும் வருபவை. இவரே எழுதிய அப்போஸ்தலர் நடபடிகள் 7-ஆம் அதிகாரத்தையும் உடனே திறந்து பாருங்கள். கல்லெறிபட்டுச் சாகும் ஸ்தேவானும் தன் ஆவியை ஒப்படைக்கிறான், கொல்கிறவர்களுக்காக வேண்டிக்கொள்கிறான். ஆண்டவர் இறந்த விதம் அவருடைய அடியார்கள் இறக்கும் விதமாகிறது. லூக்காவைத் தனியாகப் படித்தால் மட்டுமே கண்ணில் படும் தொடர்பு இது.

யோவானில் காட்சியே மாறுகிறது. பிடிக்க வந்தவர்கள் பின்வாங்கித் தரையில் விழுகிறார்கள். மற்ற மூவரிடத்திலும் சிலுவையைச் சுமந்துவரும் சிரேனே ஊர் சீமோன் இங்கே இல்லை, இயேசு தாமே சிலுவையைச் சுமக்கிறார். "முடிந்தது" என்று சொல்லித் தலையைச் சாய்க்கிறார். நாளிலும் வேறுபாடு உண்டு. மற்ற மூவரிடத்திலும் கடைசி இராப்போஜனம், எகிப்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பஸ்கா பண்டிகையின் விருந்து. யோவானிலோ பஸ்காவுக்கு ஆயத்தநாளிலேயே, ஆட்டுக்குட்டிகள் அறுக்கப்படும் நாளிலேயே, இயேசு சிலுவையில் அறையப்படுகிறார். காடியில் தோய்த்த கடற்பஞ்சை ஈசோப்பு என்ற செடியின் தண்டில் மாட்டிக் கொடுக்கிறார்கள். யாத்திராகமம் 12-இல் பஸ்கா ஆட்டின் இரத்தத்தை நிலைக்கால்களில் பூசியது ஈசோப்புக் கொழுந்தால்தான். அந்த ஆட்டின் எலும்பை முறிக்கக் கூடாது என்ற கட்டளையும் அதே அதிகாரத்தில் இருக்கிறது, யோவான் அதையும் நினைவூட்டுகிறார். "இதோ, தேவ ஆட்டுக்குட்டி" என்று முதல் அதிகாரத்தில் தொடங்கியதை இங்கே நிறைவேற்றுகிறார். இரண்டு தேதிகளையும் பொருத்திக்காட்ட எத்தனையோ விளக்கங்கள் வந்துவிட்டன, எல்லோரும் ஏற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. வகுப்பில் அதை அப்படியே சொல்லுங்கள்.

மத்தேயு பெரும்பாலும் மாற்கின் வழியே போகிறார், நிலநடுக்கமும் கல்லறைக் காவலரும் அவர் சேர்ப்பவை. அவரிடம் ஓர் இடத்தில் மட்டும் கட்டாயம் நின்று பேசுங்கள். 27:25-இல் இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் வரட்டும் என்று கூட்டம் கத்துகிறது. அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பாவில் நூற்றாண்டுக்கணக்காக யூதர்களைத் துன்புறுத்தினார்கள். அன்றைய யூதர் எல்லோர்மேலும், இன்றைய யூதர்மேலும் அந்தப் பழியைச் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாக அறிவித்தது. இயேசுவும் அவர் தாயும் சீடர்களும் யூதர்கள். சிலுவை ரோமரின் தண்டனை, தீர்ப்பளித்தவன் ரோம ஆளுநன். இதைச் சொல்லாமல் சிலுவைப்பாட்டைக் கற்பிப்பது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

இனி அந்தத் தம்பியின் கேள்வி. சிலுவை மரணத்தைப் பொறுத்தவரை வரலாற்று ஆதாரம் வலுவானது. பொந்தியு பிலாத்துவின் ஆட்சியில் கிறிஸ்து கொல்லப்பட்டதை ரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸ் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். அவர் கிறிஸ்தவர்களை வெறுத்தவர். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-இல் செசரியாவில் கிடைத்தது. சிலுவையில் அறையப்பட்ட வேறொரு மனிதனின் குதிகால் எலும்பு, ஆணி இன்னும் பாய்ந்தபடியே, 1968-இல் எருசலேமில் ஒரு கல்லறையில் கண்டெடுக்கப்பட்டது. சுவிசேஷங்கள் ஆணியைக் குறிப்பிடுவது ஒரே இடத்தில்தான் என்பதையும் அவனுக்குக் காட்டுங்கள். யோவான் 20-இல் தோமா சந்தேகப்படும்போது வருகிறது. அறையும் காட்சியில் நால்வருமே ஒரு சிறு தொடரோடு கடந்துவிடுகிறார்கள். சுத்தியல் ஓசையும் பெருகும் இரத்தமும் படங்களிலிருந்து நாம் சேர்த்துக்கொண்டவை.

உயிர்த்தெழுதலை அதே விதமாக நிரூபித்துக் காட்ட முடியாது. அவன் முன்னே அதை ஒப்புக்கொள்ளத் தயங்காதீர்கள். காட்ட முடிந்தது வேறு. கல்லறையிலிருந்து இயேசு எழுந்து வெளிவருகிற காட்சியை நால்வரில் ஒருவரும் எழுதவில்லை. காலியான கல்லறையும், பின்பு அவரைக் கண்டவர்களும்தான் அவர்களிடம் இருக்கிறார்கள். 1886-87-இல் எகிப்தில் கண்டெடுக்கப்பட்ட பேதுரு சுவிசேஷம் என்ற நூல் அந்தக் காட்சியை வர்ணிக்கிறது. அதில் வெளிவருகிறவரின் தலை வானத்துக்கும் மேலே எட்டுகிறது, பின்னால் வரும் சிலுவை பேசுகிறது. அதைப் படித்துவிட்டு நால்வரிடம் திரும்பினால் அவர்கள் காத்த அடக்கம் நன்றாகவே புலப்படும்.

பெண்களின் பெயர்ப்பட்டியல் மாறுகிறது, உண்மை. மாற்கில் சலோமே இருக்கிறாள், லூக்காவில் யோவன்னாள் இருக்கிறாள், யோவானில் மகதலேனா மரியாள் மட்டும். ஆனால் மகதலேனா மரியாள் இல்லாத பட்டியல் ஒன்றும் இல்லை. லூக்கா 24:11-இல் அப்போஸ்தலர் அந்தப் பெண்களின் பேச்சை வீண்பேச்சு என்று தள்ளிவிடுகிறார்கள். சபைத் தலைவர்களுக்குப் பெருமை சேர்க்காத அந்த வரியை யாரும் அழித்துவிடவில்லை. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, ஏறக்குறைய கி.பி. 54-இல், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில் கேபாவில் (அதாவது பேதுருவில்) தொடங்கி, உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்களை வரிசைப்படுத்துகிறார். தாம் பெற்றுக்கொண்டதையே ஒப்புவித்ததாகவும் சொல்கிறார். அதாவது, அந்தச் செய்தி அவருக்கும் முந்தியது. அந்த வரிசையில் பெண்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவே இல்லை என்பதையும் உங்கள் வகுப்புப் பெண்கள் கவனிக்கட்டும், பேசட்டும். விவரங்களில் வேறுபட்டும் மையத்தில் ஒன்றுபடுகிற இந்தச் சாட்சியை நான் நம்புகிறேன். அவன் நம்ப இன்னும் காலம் எடுத்துக்கொள்ளலாம். பைபிள் படிக்கும் வகுப்பில் அதற்கு இடம் இருக்க வேண்டும்.

ஆறு வாரங்களை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். மாற்குவுக்கு இரண்டு, மற்ற மூவருக்கும் ஒவ்வொன்று, கடைசி வாரம் ஒப்பிட்டுப் பார்க்க. ஒப்பிடும் நாளில் தாளை நான்கு பத்திகளாகப் பிரித்து, கல்லறைக் காலைப்பொழுதை மட்டும் அவரவர் கையால் எழுதச் சொல்லுங்கள். யாரும் யாருடைய பத்தியிலிருந்தும் கடன் வாங்கக் கூடாது.

தொடங்குவதற்கு முன் உங்கள் ஆயரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி வையுங்கள். மாற்கு 16:8-இல் பெண்கள் பயந்து ஓடி ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்று வருகிறது. நான்காம் நூற்றாண்டின் சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் மாற்கு அந்த இடத்திலேயே முடிகிறது. 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் அவற்றில் இல்லை. பல பதிப்புகளில் இது அடிக்குறிப்பாகவே இருக்கிறது, யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஆயருக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த மாலை அவரும் வந்து உட்கார்ந்து உங்களுக்குத் துணையாகப் பேசுவார்.