வீட்டில் கப்பிங்: கேட்டவர்களுக்குப் பதில்

நான் இயன்முறை மருத்துவர். கப்பிங் என்பது கப்பை வைத்துத் தோலை உறிஞ்சி மேலெழுப்பும் முறை. இங்கே பேசுவது தோலைக் கீறாத உலர் கப்பிங் பற்றி மட்டும்.

கேள்வி: ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்த மறுநாள் தொடை இறுகிவிடுகிறது. சிலிக்கான் கப் வாங்கினேன். எப்படி வைப்பது?

பதில்: தோலைத் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கப்பை லேசாக அமுக்கி, தொடையின் சதைப்பிடிப்பான பகுதியில் வையுங்கள். எலும்பு, முழங்காலின் பின்குழி, மச்சம், புண், சுருண்டு புடைத்த ரத்த நாளம் இருக்கும் இடங்களில் கூடாது. தோல் சற்று மேலெழும்பினால் போதும். முதல் தடவை 3 நிமிடம். பழகியபின் 5. என் கணக்கில் 10-ஐத் தாண்டவே வேண்டாம். வலித்தால் கப்பின் ஓரத்தை விரலால் அழுத்திக் காற்றை உள்ளே விட்டு எடுங்கள், பிடித்து இழுக்காதீர்கள். எனக்குப் பிடித்தது, கப்பை வைத்தபடியே முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டுவது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்குப் பின் வரும் இந்தத் தசை வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகவே குறையும். கப்பிங்கால் இறுக்கம் சற்று நேரம் தளரலாம். தசை சீக்கிரம் ஆறிவிடும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. தூக்கமும் சாப்பாடும்தான் முதலில்.

கேள்வி: ரத்தம் எடுக்கும் ஹிஜாமாவை வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: அப்பா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். தோள்பட்டைக்கு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். தோலுக்கடியில் ரத்தம் பெரிதாகக் கட்டிக்கொள்ளும்.

கேள்வி: கறுப்பாகத் தடம் விழுந்தால் அங்கே லாக்டிக் அமிலமும் கழிவும் தேங்கியிருக்கிறது என்று பயிற்சியாளர் சொல்கிறார். சரியா?

பதில்: இல்லை. உறிஞ்சும் வேகத்தில் தோலின் நுண் ரத்தக்குழாய்கள் உடைந்து ரத்தம் கசிகிறது. அந்தத் தடம் கன்றிப்போன காயம்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் உலகமே பார்த்த வட்டங்களும் இதுவே. சில நாட்களில், சிலருக்கு இரண்டு வாரத்தில் மறையும். லாக்டிக் அமிலம் உடலில் லாக்டேட்டாகத்தான் இருக்கும். உடற்பயிற்சியில் சேரும் லாக்டேட் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும். இதயமும் கல்லீரலும் அதைப் பயன்படுத்திக்கொள்கின்றன. மறுநாள் எடுப்பதற்கு அங்கே எதுவும் இருக்காது.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு வலிக்கும் இடம்தான் கறுக்கிறது. வலியில்லாத இடம் சிவப்போடு நின்றுவிடுகிறது. பத்து வருடமாகப் பார்க்கிறேன்.

பதில்: பார்த்ததை மறுக்கவில்லை. ஆனால் வலிக்கும் இடத்தில்தானே கூடுதலாக அழுத்தி, கூடுதல் நேரம் வைக்கிறோம்? நோகாத இடத்தில் அதே அளவு அழுத்தி, அதே நேரம் வைத்தாலும் கறுக்கும். இதற்கு நான் இவ்வளவு வாதாடக் காரணம் உண்டு. கறுப்பு வந்தால்தான் பலன் என்று நம்பி 20 நிமிடம் வைத்து, கொப்புளத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கொப்புளம் உடைந்தால் கிருமி நுழைய வழி. தடமே விழாவிட்டாலும் கப்பிங் செய்ததுதான்.

கேள்வி: எத்தனை நிமிடம் வைக்கணும்?

பதில்: முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி: ஆஸ்பிரின் தினமும் எடுக்கிறேன். எனக்குப் பரவாயில்லையா?

பதில்: ரத்தம் உறைவதைத் தடுக்கும் எந்த மாத்திரையானாலும், மருத்துவரைக் கேட்காமல் வைக்காதீர்கள். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களும் அப்படித்தான். அழுத்தம் அதிகமானாலும் அவர்களுக்குத் தெரியாது.

கேள்வி: 15 நிமிடம் வைத்தால் சீக்கிரம் குணமாகுமா?

பதில்: ஆகாது. நேரத்தைப் பற்றி இனி கேட்காதீர்கள், தயவுசெய்து.

கேள்வி: நண்பரும் நானும் ஒரே கப்பைப் பயன்படுத்தலாமா?

பதில்: ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் சோப்பு நீரில் கழுவிக் காயவையுங்கள்.

கேள்வி: ஓடிய பிறகு இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக இருக்கிறது. மூன்று நாளாகிறது. கப் வைத்தால் சரியாகுமா?

பதில்: கப் வேண்டாம், தேய்த்தும் விடாதீர்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் என்றால் காலின் ஆழத்தில் உள்ள ரத்த நாளத்தில் ரத்தம் கட்டியிருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.