யார் துரத்துகிறார்கள்? – கடிதம்

அன்புள்ள அக்கா,

நீங்கள் விடிகாலை ஓட்டம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போன வருடம் நானும் ஓட ஆரம்பித்தேன். வயது 46. பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். நாலே முக்காலுக்கு, இருட்டில், சுடிதாரும் துப்பட்டாவுமாக ஓடுவேன். வெளிச்சம் வந்ததும் நடக்க ஆரம்பித்துவிடுவேன். அப்படியும் பால் சொசைட்டி முன்னால் நிற்பவர்கள் விடுவதில்லை. "யாராச்சும் தொரத்தறாங்களா டீச்சர்?" தினமும் அதே கேள்வி, அதே சிரிப்பு.

போன மாதம் கோவையில் முதல் அரை மாரத்தான் ஓடினேன். ட்ராக் பேன்ட், டி-ஷர்ட். அவ்வளவு கூட்டத்தில் துளிக்கூடக் கூச்சம் இல்லை. முதல் 5 கிலோமீட்டர் 31 நிமிடம்! ஊரில் எனக்குக் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் ஆகும். ஆனால் 17ஆவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். மிச்சத்தை நடந்து முடித்தபோது மொத்தம் 3 மணி 2 நிமிடம் ஆகிவிட்டது. மெடலை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். "காசு குடுத்து யாராவது ஓடுவாங்களா?" என்று மாமியார் கேட்டார். பதில் தெரியவில்லை.

அங்கே வராத கூச்சம் இங்கே மட்டும் ஏன் வருகிறது? கொச்சியில் முழு மாரத்தான் ஓடி முடித்தால் இந்தத் தோல்வி தீருமா?

எஸ்., சித்தூர் தாலுகா

*

அன்புள்ள எஸ்.,

டீச்சர் என்பதால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அரை மாரத்தான் 21.1 கிலோமீட்டர். ஊரில் ஓடும் அதே 8 நிமிட வேகத்தில் போயிருந்தால் 2 மணி 49 நிமிடத்தில் முடித்திருப்பீர்கள். நீங்கள் முதல் 5 கிலோமீட்டரில் 9 நிமிடம் மிச்சம் பிடித்தீர்கள். அதற்கு வட்டியோடு 22 நிமிடம் கட்டினீர்கள். அவ்வளவுதான் நடந்தது. இதற்குத் தோல்வி என்று பெயர் வைக்காதீர்கள். ஸ்பீக்கரில் பாட்டு, தோளோடு தோள் கூட்டம், பக்கத்தில் பறந்து போகும் காலேஜ் பெண்கள்... யாருக்குத்தான் கால் நிற்கும்? என் முதல் ஓட்டத்திலும் இதே கதைதான். எனக்கு 14ஆவது கிலோமீட்டரிலேயே முடிந்துவிட்டது.

மாமியாருக்கு இப்படிச் சொல்லுங்கள்: ஓடுவதற்கு யாரும் காசு வாங்குவதில்லை. லாரியும் பஸ்ஸும் இல்லாத ரோட்டுக்கு அரை நாள் வாடகை கொடுக்கிறோம். நெஞ்சில் குத்துகிற எண் அட்டையில் (பிப்) ஒட்டியிருக்கும் நேரம் குறிக்கிற சிப், வழிநெடுகத் தண்ணீர் மேசை, பின்னால் வரும் ஆம்புலன்ஸ் எல்லாம் அதில் அடக்கம். கொடுத்த காசுக்கு எல்லாம் கிடைக்கும் என்றும் சொல்லமாட்டேன். ஒரு நகரத்தில் (பெயர் வேண்டாம்) பாதி வழி தாண்டியும் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கிடைக்காமல், பெட்ரோல் பங்க்கில் சாவி கேட்டுக் கெஞ்சினேன். அன்று என் நேரத்தில் 11 நிமிடம் அந்தச் சாவிக்குப் போனது.

இனி கூச்சம். "யாராச்சும் தொரத்தறாங்களா?" என்று கேட்கிறார்கள், இல்லையா? 1967இல் பாஸ்டன் மாரத்தானில் நிஜமாகவே துரத்தினார்கள். கேத்ரின் ஸ்விட்சர் என்ற பெண் பெயரைச் சுருக்கி கே. வி. ஸ்விட்சர் என்று பதிந்து, 261ஆம் எண்ணோடு ஓடிக்கொண்டிருந்தார். பாதையில் ஒரு நிர்வாகி பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். ஆனாலும் ஸ்விட்சர் ஓடி முடித்தார். பாஸ்டனில் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1972இல்தான். ஒலிம்பிக் இன்னும் மெதுவு. 1984 வரை பெண்களுக்கு 1500 மீட்டருக்கு மேல் அங்கே ஓட்டமே கிடையாது. அந்த வருடம் லாஸ் ஏஞ்சல்ஸ் என்றால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் பி. டி. உஷாவும் நொடியில் நூறில் ஒரு பங்கில் போன வெண்கலமும்தான் ஞாபகம் வரும். அதற்கு மூன்று நாள் முன்னால், அதே ஊரில், பெண்களின் முதல் ஒலிம்பிக் மாரத்தான் நடந்தது.

அதில் ஜெயித்த ஜோன் பெனாயிட்டை விட, 37ஆவதாக வந்த சுவிஸ் பெண்ணைத்தான் அதிகம் பேர் பார்த்திருப்பார்கள். கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ், வயது 39. வெயிலில் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு கை தொங்க, ஸ்டேடியத்தின் கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். டாக்டர்கள் கிட்டே வந்தால் கையால் தள்ளிவிட்டார்; தொட்டால் போட்டியிலிருந்து நீக்கம். வியர்க்கிறது, அதனால் இன்னும் உடம்பில் நீர் இருக்கிறது என்று பார்த்து அவர்களும் விட்டார்கள். இந்த வீடியோவைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் போட்டுக் காட்டுவார்கள். எனக்குப் பிடிக்காது. அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓடிவிட்டுத் திங்கட்கிழமை பள்ளிக்குப் போகவேண்டியவர்கள் பார்த்துச் செய்கிற காரியம் இல்லை அது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்தீர்களே, அதுதான் சரி.

நகரத்தில் ஏன் கூசவில்லை? அங்கே உங்களை யாருமே பார்க்கவில்லை. நானும் அதற்காகவே நகரங்களுக்குப் போனவள்தான். மும்பையில் 35ஆவது கிலோமீட்டரை ஒட்டி, பெடர் ரோடு ஏற்றத்தில், நான் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பாட்டி உரித்த ஆரஞ்சுச் சுளையைக் கையில் திணித்தார். முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, அடுத்த கைக்குப் போய்விட்டார். அப்படிப்பட்ட சுகம் அது. ஆனால் வருடத்துக்கு ஒரு காலைதான் கிடைக்கும். பாக்கி நாளெல்லாம் நம் ரோடுதான்.

நம் ரோட்டில் அந்த நேரத்துக்கு விழித்திருப்பவர்கள் யார்? கள் ஏற்றிய பிக்கப் வண்டிகள், பால்காரர்கள், தென்னந்தோப்புக்குச் சைக்கிளில் போகும் கள் இறக்குகிறவர்கள். இடுப்பில் கத்திப் பெட்டி கட்டிய ஒருவர் தினமும் எனக்கு எதிரே வருவார். முதல் மாதம் முறைத்துக்கொண்டே போனார். இரண்டாவது மாதம் மணி அடித்தார். அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் போகவில்லை. பத்தாவது நாள் சைக்கிளை விட்டு இறங்கி நின்று, "எந்தா டீச்சரே, காணானில்லல்லோ?" என்றார். நான் டீச்சரே இல்லை. விடிகாலையில் ஷூ போட்டு ஓடுகிற பெண் டீச்சராகத்தான் இருக்கவேண்டும் என்று அவராக முடிவு செய்திருக்கிறார். (உங்களைப் பார்த்துத்தான் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.)

பால் சொசைட்டிக் கூட்டமும் அப்படித்தான் பழகும், ஆனால் ஒரு நிபந்தனை. இருட்டில் மட்டும் ஓடி, வெளிச்சம் வந்ததும் நடந்தால் பழகாது. அது ஒளிந்து விளையாடுவது. வாரத்தில் இரண்டு நாளாவது ஆறரைக்கு, அவர்கள் முன்னால், அதே டி-ஷர்ட்டில் ஓடுங்கள். துரத்தறாங்களா என்று கேட்டால், "ஆமாங்க, சுகர்" என்று சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொல்வேன். சிரிப்பு அடங்கி, பெரும்பாலும் தங்கள் மாத்திரை அளவைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

கொச்சி முழு மாரத்தான் இந்த வருடம் வேண்டாம். 42.195 கிலோமீட்டர் என்பது இரண்டு அரை மாரத்தான் இல்லை. தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரை பெரும்பாலானவர்களுக்கு 30ஐ ஒட்டித் தீரும். அதற்கு மேல் ஓடுகிற கால் வேறு கால். தவிர, கொச்சி சமதளம்தான், பாலங்களை விட்டால் ஏற்றம் இல்லை, ஆனால் புழுக்கம் கொல்லும். நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வியர்வை உடனே காயும். அங்கே ஒட்டிக்கொண்டே இருக்கும். நான் அங்கே பயந்துபோய் மேசைக்கு மேசை வெறும் தண்ணீராகக் குடித்தேன். முடியும்போது விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை, தலைசுற்றல், வாந்தி. தண்ணீர் கூடி ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் அப்படி ஆகும் என்று டாக்டர் திட்டினார். தாகத்துக்குக் குடியுங்கள், நடுவில் உப்பு போட்ட மோர் குடியுங்கள்.

அங்கேயும் அரை மாரத்தானே ஓடுங்கள். முதல் 5 கிலோமீட்டர் 40 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் எனக்கு எழுதவேண்டாம்.

மார்கழி முதல் ஞாயிறு நான் வேலந்தாவளம் சாவடி வரை போய்த் திரும்புவேன். அந்த மாதம் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். போகும்போது முகத்தில் அறையும், வரும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும். (ஆடியில் நேர் எதிர், அப்போது கூப்பிடமாட்டேன்.) ஐந்தே முக்காலுக்குக் கொழிஞ்சாம்பாறை முக்கில் நிற்பேன். துப்பட்டா வேண்டாம், காற்றுக்கு நிற்காது. போகிற வழியில் ஒரு அரிசி மில் வாசலில் கருப்பு நாய் படுத்திருக்கும். அது ஓடுகிறவர்களை மட்டும்தான் துரத்தும். அந்த இடத்தில் நானும் நடந்துதான் போவேன்.