மறுத்துப் பேசக் கிரேக்கச் சொற்கள்

கேள்வி: பிரேயஸ் துறைமுகத்தில் ஒரு கப்பல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், ஆறு மாதமாகக் கிரேக்கம் படிக்கிறேன். கூட்டங்களில் ஒரு கருத்தை ஏற்க முடியாதபோது ‘ஒஹி’ என்று மட்டுமே சொல்லத் தெரிகிறது. அது எல்லோர் முகத்தையும் சுருங்க வைக்கிறது. வேறு எந்தச் சொற்களைப் படிக்கலாம்?

பதில்: ‘ஒஹி’ என்றால் ‘இல்லை’ என்றுதான் பொருள் என்றாலும், 1940 அக்டோபர் 28 அன்று முசோலினியின் இறுதி எச்சரிக்கையைக் கிரேக்கப் பிரதமர் மெடாக்ஸாஸ் மறுத்ததை ‘ஒஹி நாள்’ என்றே அந்நாட்டினர் ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். வேறு எதுவும் சேர்க்காமல் அதை மட்டும் சொன்னால், பேச்சை அதோடு முடித்துவிட்டீர்கள் என்றே கேட்பவருக்குத் தோன்றும்.

முதலில் ‘ஸிம்ஃபொனோ’, ‘தியஃபொனோ’ என்னும் இணையைப் பழகுங்கள். ‘ஃபொனி’ என்றால் குரல். நாம் ‘டெலிபோன்’ என்பதிலும் இருப்பது அதுவே. குரல்கள் சேர்ந்தால் ‘ஸிம்ஃபொனோ’, உடன்படுகிறேன்; பிரிந்தால் ‘தியஃபொனோ’, மாறுபடுகிறேன். ‘தியஃபொனோ மஸீ ஸஸ்’ என்றால் ‘உங்களோடு மாறுபடுகிறேன்’ என்று ஆளைச் சுட்டுகிறது. ‘தியஃபொனோ ஸெ அஃப்தோ தோ ஸிமீயோ’ என்றால் ‘இந்த இடத்தில் மாறுபடுகிறேன்’ என்று விஷயத்தோடு நின்றுவிடுகிறது. அலுவலகத்தில் இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். இன்னும் மென்மையாக வேண்டுமானால், ‘எஹோ ஆலி க்னோமி’, அதாவது ‘எனக்கு வேறு கருத்து இருக்கிறது’ என்று சொல்லலாம். அதற்கு முன்னால், ‘நீங்கள் சொல்வது சரிதான், ஆனால்’ என்னும் பொருளில் ‘எஹெதே தீக்யோ, அலா’ என்று தொடங்கினால் மூத்தவர்களும் காது கொடுப்பார்கள். இதிலுள்ள ‘எஹெதே’ நம் ‘நீங்கள்’ போன்ற மரியாதைப் பன்மை. ‘எஹிஸ்’ என்றால் ‘நீ’ என்றாகிவிடும். நேரடியாக ‘கானெதே லாதோஸ்’, அதாவது ‘தவறு செய்கிறீர்கள்’ என்பதைக் கணக்கில் பிழை கண்டால் தவிர எடுக்காதீர்கள்.

இரண்டு இடங்களில் தமிழர்கள் ஏமாறுவதுண்டு. ‘நே’ என்றால் ‘ஆம்’. ஆங்கில ‘நோ’வும் இந்தி ‘நஹீ’யும் பழகிய காதுக்கு அது மறுப்பாகவே விழும். அடுத்தது தலையசைப்பு. கிரேக்கர் புருவத்தை உயர்த்தி, முகவாயைச் சற்று மேலே தூக்கி, நாக்கால் ‘ச்ச்’ என்று ஒலித்தால் அது முழு மறுப்பு. நம்மூரில் அதே முகவாய்த் தூக்கல் ‘என்ன?’ என்று கேட்பதாகும். அதைப் பார்த்து நீங்கள் சொன்னதையே மறுபடி விளக்கத் தொடங்கிவிடாமல், ‘யதீ?’, அதாவது ‘ஏன்?’ என்று கேளுங்கள்.