நகைச்சுவைப் பத்திரிகை அட்டைக்கு ஏன் ஒரு கற்பனைக்கதை ஓவியர்?

கார்ட்டூனுக்குக் கோடுகள் போதும். பெயின்ட் செய்த அட்டை வேறு: ஒளி, நிழல், தோலின் நிறம், துணியின் மடிப்பு எல்லாம் நிஜம்போல் தீட்டிய முழு ஓவியம். அதில் இருப்பதோ ஒரு ஜோக்.

அமெரிக்காவின் 'மேட்' பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். 1958 முதல் 1962 வரை அதன் பெரும்பாலான அட்டைகளை வரைந்தவர் கெல்லி ஃப்ரீஸ். அறிவியல் புனைகதை இதழ்களுக்கு ரோபோக்களையும் வேற்றுக்கிரகவாசிகளையும் வரைந்து பெயர் வாங்கியவர். (1953இல் அவர் வரைந்த சோகமான ராட்சத ரோபோதான் பிறகு 1977இல் குயீன் இசைக்குழுவின் ஆல்பம் உறையில் வந்தது.)

இல்லாத ஒன்றை இருப்பதுபோல் நம்பவைப்பதே இப்படிப்பட்ட ஓவியரின் தொழில். நகைச்சுவைக்கும் அதுதான் தேவை. கல்யாண வீட்டில் முகத்தில் சிரிப்பே காட்டாமல் ஜோக் அடிக்கும் மாமாவுக்குத்தான் பெரிய சிரிப்பு கிடைக்கும், இல்லையா? ஓவியம் எவ்வளவு சீரியஸோ, அபத்தம் அவ்வளவு எடுபடும். அப்புறம் வியாபாரக் காரணமும் உண்டு. அன்றைய 'மேட்' உள்ளே கறுப்பு வெள்ளைதான். கடையில் ஆளை இழுக்க வேண்டியது வண்ண அட்டை.

ஆனால் 'மேட்' அட்டைகளில் பல் விழுந்த வாயோடு சிரிக்கும் பையன், அதாவது பத்திரிகையின் அடையாளமான ஆல்ஃபிரட் நியூமனை உருவாக்கியவர் ஃப்ரீஸ் அல்ல. அந்த முகம் பழைய விளம்பரங்களிலேயே உலவியது, 1956இல் 'மேட்' அட்டைக்கு அதைத் தீட்டியவர் நார்மன் மிங்கோ.