பைனல் டெஸ்டினேஷன் 2: குழந்தை பிறந்த பிறகும் சாவு ஏன் நிற்கவில்லை?

'பைனல் டெஸ்டினேஷன்' என்ற திகில் படத் தொடரின் இரண்டாம் பாகத்தை மட்டும் பார்த்துவிட்டு, கர்ப்பிணியான இசபெல்லாவுக்குக் குழந்தை பிறந்த பிறகும் சாவு ஏன் துரத்துகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நெடுஞ்சாலை விபத்திலிருந்து தப்பியவர்களைச் சாவு தன் பட்டியல்படி ஒவ்வொருவராகத் தீர்க்கிறது; 'புதிய உயிர்' ஒன்று வந்தால் அந்தப் பட்டியல் குலையும் என்று பிணவறைக்காரர் பிளட்வொர்த் சொல்கிறார். அதனால் குழப்பம் நியாயமானதுதான். படம் காரணத்தை ஓரிரு நொடியில் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறது.

இசபெல்லா அந்த நெடுஞ்சாலை விபத்தில் சாக வேண்டியவளே இல்லை. பட்டியலில் இல்லாதவளின் குழந்தையால் பட்டியல் எப்படிக் குலையும்? விபத்தை முன்கூட்டியே கண்ட நாயகி கிம்பர்லிக்கு இது உறைப்பதே பிரசவத்துக்குப் பிறகுதான். உடனே ஆம்புலன்ஸோடு ஏரிக்குள் பாய்கிறாள், மருத்துவர் அவளை உயிர்ப்பிக்கிறார். செத்துப் பிழைத்த அந்த உயிர்தான் பிளட்வொர்த் சொன்ன 'புதிய உயிர்'.

சரி, விபத்தில் இறந்திருக்க வேண்டிய வரிசைக்குத் தலைகீழாகச் சாவு ஏன் போகிறது? இதற்கு 2000இல் வந்த முதல் பாகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். இந்தக் கூட்டம் ஏற்கெனவே ஒருமுறை சாவிடமிருந்து தப்பியது, அதுவும் முதல் பாகத்தில் வெடித்த 180ஆம் எண் விமானத்திலிருந்து தப்பியவர்களால். உதாரணத்துக்கு, நெடுஞ்சாலை விபத்திலிருந்து தப்பிய கேட் முன்பு போன பேருந்துதான் முதல் பாகத்தில், விமானத்திலிருந்து தப்பிய டெர்ரியை மோதியது. அதனால் கேட் போய்ச் சேராத விடுதியில் வாயுக் கசிவில் எல்லோரும் இறந்துபோனார்கள். அந்தப் பழைய பாக்கியைத்தான் சாவு பின்னிருந்து தீர்த்துக்கொண்டு வருகிறது. எனக்குத் தெரிந்து இந்தத் தொடரிலேயே கெட்டியான திரைக்கதை முடிச்சு இதுதான்.

அப்புறம், கடைசிக் காட்சியில் வெடித்துச் சாகும் பையன் பிரையன். செய்தி வேன் மோதவிருந்தபோது, விபத்திலிருந்து தப்பியவர்களில் ஒருவனான ரோரி அவனை இழுத்துக் காப்பாற்றினானே, அந்தக் காட்சியை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.