வைரஸ் நிமோனியாவும் ஊட்டக்குறைவும்: கேள்வி பதில்

கோவிட் போன்ற வைரஸ் சுவாசத் தொற்றுக்காக மருத்துவமனையில் சேர்ந்த பெரியவர்களின் ஊட்டக்குறைவு குறித்த கேள்விகளுக்கு உணவியல் வல்லுநரின் பதில்கள்.

கேள்வி: என் தந்தையின் எடை 84 கிலோ. கோவிட் நிமோனியாவுக்குச் சிகிச்சை பெற்றபோது அவருக்கு ஊட்டக்குறைவு என்று எழுதியிருந்தார்கள். பருமனான உடலுக்கு இது பொருந்துமா?

பொருந்தும். உலகளவில் இன்று பின்பற்றப்படும் 'கிளிம்' அளவுகோலின்படி, ஆறு மாதங்களுக்குள் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்து, அதோடு உணவு குறைந்ததோ நோயால் அழற்சி ஏற்பட்டதோ சேர்ந்திருந்தால் ஊட்டக்குறைவு என்றே கொள்ள வேண்டும். உங்கள் தந்தைக்கு 4.2 கிலோவுக்குச் சற்று மேல் இறங்கினாலே போதும். காய்ச்சலும் அழற்சியும் தசைப் புரதத்தைச் சிதைக்கும்போது கொழுப்பு அப்படியே நிற்பதால், வயிற்றைப் பார்ப்பவர்களுக்குத் தொடை மெலிந்தது தெரிவதில்லை. வூஹானில் 2020-இல் கோவிட் பாதித்த முதியோர் 182 பேரைச் சோதித்தபோது, 52.7 விழுக்காட்டினருக்கு ஊட்டக்குறைவு இருந்தது. சேர்க்கும் நாளிலேயே எடை பார்க்க வேண்டும் என்று நான் விடாமல் வலியுறுத்துவது இதனால்தான்.

கேள்வி: அம்மாவுக்கு மணமும் சுவையும் தெரியவில்லை, ஆக்சிஜன் மாஸ்க்கும் இருக்கிறது. கஞ்சி மட்டும் கொடுத்தால் போதுமா?

போதாது. மாஸ்க்கை விலக்கி மூன்று கரண்டி ஊட்டுவதற்குள் மூச்சு வாங்கி, ஆக்சிஜன் அளவு இறங்க, கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள். தட்டு முக்கால்வாசி உணவோடு திரும்பிப் போகும். எவ்வளவு உள்ளே போனது என்பதை ஒவ்வொரு வேளையும் குறித்து வையுங்கள். 50 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,500 கலோரியும் குறைந்தது 50 கிராம் புரதமும் தேவை. நீர்த்த கஞ்சியால் அது நடக்காது. பாசிப்பருப்பைக் குழையவிட்டுப் பால் பவுடர் கலந்த கெட்டிக் கஞ்சி, 6 கிராம் புரதம் தரும் ஒரு முட்டை, தயிர் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சாப்பிடும் நேரத்தில் மட்டும் மாஸ்க்குக்குப் பதிலாக மூக்குக் குழாய் வழியே ஆக்சிஜன் தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல நாள்கள் ஏதும் உண்ணாதவருக்கு மட்டும் திடீரென நிறையக் கொடுக்கக் கூடாது. இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத்தைப் பாதிக்கலாம்.

கேள்வி: இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவாக இருக்கிறது. புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?

அந்த எண்ணை மட்டும் வைத்து வாங்க வேண்டாம். அழற்சியின்போது அல்புமின் தானாகவே குறையும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பவுடரைத் தொடவே கூடாது.

கேள்வி: தொற்று குணமானால் பசி தானே வரும். அதுவரை பொறுத்தால் என்ன?

சுவிட்சர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளில் ஊட்டக்குறைவு ஆபத்திலிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நோயாளிகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், ஆளுக்கேற்பத் திட்டமிட்டு உணவளிக்கப்பட்டவர்களில் 30 நாள்களுக்குள் 7 விழுக்காட்டினரும், வழக்கமான உணவு பெற்றவர்களில் 10 விழுக்காட்டினரும் இறந்தனர். கோவிட்டுக்கு முந்தைய ஆய்வுதான் என்றாலும், பசிக்காகக் காத்திருக்கலாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கேள்வி: வீடு திரும்பிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் டேப் வைத்து அளந்து, ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் உணவியல் வல்லுநரைப் பாருங்கள். காலில் வீக்கம் இருந்தால் இந்த அளவை நம்ப முடியாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியையும் உணவோடு சேர்த்தே தொடங்குங்கள். வேலை கொடுக்காத தசை, புரதம் கிடைத்தாலும் எளிதில் தேறாது.