கேள்வி நேரம்: ஆயுள் முழுக்க நீதிபதி

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஓய்வு வயதே கிடையாதாமே? 18 ஆண்டு வரம்பு கொண்டுவர முடியாதா?
– வாசகர், மதுரை

கிடையாது. அரசியல் சட்டத்தின் 3ஆவது பிரிவு ‘நன்னடத்தை உள்ளவரை’ பதவி என்கிறது. நடைமுறையில் ஆயுள் முழுக்க. 18 என்பதற்குக் கணக்கு உண்டு. நீதிபதிகள் 9 பேர்; இரண்டு ஆண்டுக்கு ஒருவரை மாற்றினால் சுற்று முடிய 18 ஆண்டு. நான்காண்டு ஆளும் அதிபருக்கு இரண்டு நியமனம் உறுதி. இப்போதோ எல்லாம் அதிர்ஷ்டம்தான்: அதிபர் கார்ட்டருக்கு ஒன்றுகூட வாய்க்கவில்லை, டிரம்ப்புக்கு முதல் தவணையிலேயே மூன்று.

வரம்பு கொண்டுவர அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதற்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு 50 மாநிலங்களில் 38 ஒப்ப வேண்டும். இன்றைய கட்சிச் சண்டையில் நடக்கிற காரியமா? 18 ஆண்டு முடித்தவரைச் சாதாரணச் சட்டம் போட்டே கீழ் நீதிமன்றப் பணிக்கு மாற்றலாம் என்போரும் உண்டு. அந்தச் சட்டம் செல்லுமா என்று சொல்லப்போவதும் அதே ஒன்பது பேர்தான்! இன்னொரு ஓட்டை, நீதிபதி நியமனத்துக்கு ஒப்புதல் தரும் மேலவையான செனட். 2016இல் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டுக்கு ஒப்புதல் விசாரணையே நடத்தாமல் இழுத்தடித்தார்கள். ஒப்புதலுக்குக் கெடு வைக்காத வரம்பு பயன்படாது.

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு நன்னடத்தை விதிகள் வந்துவிட்டனவே?
– வாசகி, ஈரோடு

2023 நவம்பரில் ஒன்பது பேரும் கையெழுத்திட்டார்கள். மீறினால் யாரிடம் புகார் கொடுப்பது, யார் விசாரிப்பது என்று மட்டும் அதில் இல்லை. கீழ் கூட்டாட்சி நீதிபதிகள்மீது 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி யாரும் புகார் தரலாம். உச்ச நீதிமன்றத்துக்கு அது பொருந்தாது. வழக்கிலிருந்து விலகுவதும் அந்தந்த நீதிபதியின் முடிவே. மிஞ்சுவது நாடாளுமன்றத்தின் பதவிநீக்க விசாரணை. உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் அதில் சிக்கியவர் சாமுவேல் சேஸ் ஒருவரே. 1805இல் செனட் அவரையும் விடுவித்துவிட்டது.